கணினியில் இல்லாத தண்ணீர்

நான் எஞ்சினியர் இல்லை. நர்கிஸ் வாஷிங் மெஷின் கம்பெனியின் கணினியைத் தவிர அலெக்ஸாந்திரியாவில் என்னை அறிந்த எல்லோருக்கும் இது தெரியும். மொஹர்ரம் பே பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் பல வருடங்களாகப் பூகோளம் நடத்துகிறேன். நைல் நதி எங்கே கிளம்பி எங்கே கடலில் விழுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வாஷிங் மெஷினுக்குள் போன தண்ணீர் எங்கே போய் விழும் என்பது என் பாடத்திட்டத்தில் கிடையாது.

என் மனைவி தஹானி பக்கத்துப் பெண்கள் பள்ளியில் ஹேண்ட்பால் பயிற்சியாளர். பிள்ளைகள் அவளைக் "கேப்டன்" என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டிலும் நிலைமை ஏறக்குறைய அதுதான். போன வருடம் வரை அவளுடைய அணி ஆண்கள் பள்ளி கழித்துப் போட்ட சட்டைகளைப் போட்டுக்கொண்டு விளையாடியது. சட்டை முழங்காலைத் தொடும். அரையிறுதி ஆட்டத்தில் இரண்டு பிள்ளைகள் முதுகிலும் ஒரே எண் இருந்ததால் நடுவர் அணியையே வெளியே அனுப்பிவிட்டார். பதினான்கு பிள்ளைகளும் ஆடாமலேயே பஸ் ஏறி வீடு திரும்பினார்கள். அதற்குப் பிறகு தஹானி ஏறாத அலுவலகம் இல்லை, கேட்காத ஆள் இல்லை. கடைசியில் இந்த வருடம் ஆளுக்கொரு ஆரஞ்சுச் சட்டை வந்தது, ஆளுக்கொரு எண்ணோடு. இறுதி ஆட்டம் வியாழக்கிழமை. எண் போட்ட சட்டை இல்லாத அணி களமிறங்கக் கூடாது என்பது விதி.

ஞாயிற்றுக்கிழமை, அரையிறுதியில் ஜெயித்துச் சேறும் வியர்வையுமாகக் கிடந்த அந்தப் பதினான்கு சட்டைகளையும் கூடவே கால்சட்டைகளையும் தஹானி மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து மெஷினில் போட்டாள். மெஷின் தண்ணீர் குடித்தது, சோப்பைக் கரைத்தது, அப்படியும் இப்படியும் நாலு புரட்டு புரட்டியது. பிறகு "ம்ம்ம்" என்று ஒரு முனகல். அவ்வளவுதான், நின்றுவிட்டது. தண்ணீரை வெளியே விடவில்லை. டிரம் சுற்றவில்லை. தண்ணீர் உள்ளே இருக்கும் வரை கதவும் திறக்காது. வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் ஆரஞ்சுச் சட்டைகள் மிதந்துகொண்டு எங்களையே பார்த்தன.

"யா லுத்ஃபி, ஏதாவது பண்ணு," என்றாள் தஹானி.

நான் ஆண்பிள்ளை என்பதால் முதலில் பட்டனை அணைத்துப் போட்டேன். இரண்டாவது தடவையும் அணைத்துப் போட்டேன். பிறகு பின்னாலிருந்த குழாயைக் கழற்றி ஒரு தொட்டியில் தாழ்த்திப் பிடித்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் வந்து நின்றுவிட்டது. கூடவே வந்த சிறு புத்தகத்தைத் தேடி எடுத்தேன். "கீழே உள்ள சிறு மூடியைத் திறந்து வடிகட்டியை மாதம் ஒரு முறை நீங்களே சுத்தம் செய்யவும்" என்று படத்தோடு போட்டிருந்தது. மனசு குளிர்ந்துபோய் மண்டியிட்டேன். மூடி இருந்தது. மூடியின் மேல் ஒரு ஸ்டிக்கரும் இருந்தது: "கம்பெனி எஞ்சினியர் தவிர வேறு யாராவது திறந்தால் பத்து வருட உத்தரவாதம் ரத்து."

புத்தகமும் கம்பெனி அச்சிட்டது. ஸ்டிக்கரும் கம்பெனி ஒட்டியது. அச்சிட்டவரும் ஒட்டியவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

"ஃபோன் போடுவோம்," என்றாள் தஹானி. "உத்தரவாதம் எதுக்கு இருக்கு?"

ஃபோன் போட்டேன். கொஞ்ச நேரம் பாட்டு. பிறகு ஒரு குரல்: "உங்கள் பிரச்சினை தண்ணீர் சம்பந்தப்பட்டதானால் ஒன்றை அழுத்தவும். சுழற்சி சம்பந்தப்பட்டதானால் இரண்டை அழுத்தவும். எங்கள் சேவையைப் பாராட்ட விரும்பினால் அப்படியே இணைப்பில் இருக்கவும்." எனக்கு இரண்டு பிரச்சினையும் இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு எண்ணை அழுத்திப் பார்த்தேன். பாராட்டுப் பிரிவுக்குப் போய்விட்டது. நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள்.

மறுபடி ஃபோன் போட்டு ஒன்றை அழுத்தினேன். வந்த பெண்ணுக்கு மகா மரியாதை. வாக்கியத்துக்கு ஒரு "ஃபந்திம்", அதாவது ஒரு "ஐயா", போட்டாள்.

"சொல்லுங்க ஃபந்திம்."

"தண்ணி வெளிய போகல. டிரம்மும் சுத்தல."

"டிரம் சுத்தலையா? அப்போ அது சுழற்சிப் பிரிவு ஃபந்திம். மாத்திவிடறேன்."

சுழற்சிப் பிரிவில் ஓர் ஆண் குரல்.

"உள்ள தண்ணி நிக்குதா ஃபந்திம்?"

"நிக்குது."

"தண்ணியோட நாங்க எடுக்க மாட்டோம் ஃபந்திம். தண்ணி போனப்புறமும் சுத்தலேன்னா எங்ககிட்ட வாங்க."

"அப்பா, தண்ணி போகலேங்கறதுதான் பிரச்சினையே."

"அதுக்குத்தான் தனிப் பிரிவு வெச்சிருக்கோமே ஃபந்திம்."

இப்படி அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்குமாக என்னைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் கட்டட வாட்ச்மேன் அம் பகீத் ரொட்டியோடு உள்ளே வந்தார். அம் பகீத் அஸ்வான் பக்கத்து ஆள். நல்ல மனுஷன். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவமதிக்க மாட்டார். கையில் பை வைத்திருந்தால் டாக்டர். தொப்பை இருந்தால் பாஷா. மூக்கில் கண்ணாடி இருந்தால் பாஷ்முஹந்திஸ், அதாவது தலைமை எஞ்சினியர். மூன்றாம் மாடியில் இருக்கும் நிஜமான பல் டாக்டர் கண்ணாடி போட்டவர், அதனால் அவரும் பாஷ்முஹந்திஸ். கீழே மீன்கடைக்காரர் பாஷா. இந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் கூப்பிடுகிறார்கள், கூப்பிடப்படுகிறார்கள். யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

நான் ஃபோனோடு படும் பாட்டைப் பார்த்து அம் பகீத்துக்கு ரத்தம் கொதித்துவிட்டது. ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு ஃபோனுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்:

"என்னம்மா வெளயாடறீங்க? நம்ம பாஷ்முஹந்திஸே தரையில உக்காந்து பாத்துட்டாரு! அவருக்கே ஒண்ணும் வெளங்கல!"

மறுமுனையில் தண்ணீர்ப் பிரிவுப் பெண் தட்டச்சு செய்யும் சத்தம்.

"எஞ்சினியர் பார்த்திருக்காரா ஃபந்திம்?"

"இல்லம்மா, அது நான்தான்."

"நீங்கதான் எஞ்சினியரா ஃபந்திம்?"

"நான் வாத்தியார்!"

"சரி ஃபந்திம். 'எஞ்சினியர், வாத்தியாராகவும் இருக்கிறார்'னு போட்டுட்டேன்."

அரை மணி நேரத்தில் குறுஞ்செய்தி வந்தது. "உங்கள் இயந்திரத்தில் வெளி எஞ்சினியர் தலையிட்டதால் உத்தரவாதம் நிறுத்திவைக்கப்படுகிறது. ஆய்வு அதிகாரி நேரில் வருவார். நர்கிஸ்: உங்கள் இல்லத்தின் நிம்மதி."

திங்கட்கிழமை அணியின் கோல்கீப்பர் நெஸ்ரீன் வீட்டுக்கு வந்தாள். ஆறடிப் பெண். பந்து அவள் நெஞ்சில் பட்டால் பந்துக்குத்தான் வலிக்கும். அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே அவளுடைய பன்னிரண்டாம் எண் தெரிந்தது.

"கேப்டன், வியாழக்கிழமை வந்துடும்ல?"

"வந்துடும்," என்றாள் தஹானி.

அந்தப் பெண் நம்பி எழுந்து போனாள். ஒரு ஸ்டிக்கருக்குப் பயந்து மூடியைத் திருகாமல் நிற்கிறோமே என்று என் மேலேயே கோபம் வந்தது. ஆனால் அந்த மெஷின் இன்னும் எட்டு வருடம் உழைக்க வேண்டும். தஹானியின் சம்பளத்தையும் என் சம்பளத்தையும் சேர்த்துப் பிடித்து வாங்கியது. கம்பெனி சரிசெய்யட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம்.

செவ்வாய்க்கிழமை ஆய்வு அதிகாரி வந்தார். பெயர் ஹாஸிம். செருப்புக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு டேப்லெட்டோடு, மூன்று கரண்டிச் சர்க்கரை போட்ட தேநீரை வாங்கிக் குடித்துவிட்டு, மெஷினுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"ஸ்க்ரூ டிரைவர் எதுவும் கொண்டுவரலையா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பழைய முறை ஃபந்திம். கருவி கொண்டுபோனா தொடணும்னு தோணும். தொட்டா பொறுப்பு வரும்."

டேப்லெட்டைத் தட்ட ஆரம்பித்தார். "மெஷினின் வெள்ளை நிறம் திருப்தியா?" திருப்தி. "வீட்டில் எஞ்சினியர் இருக்கிறாரா?" என்னைப் பார்த்து, என் கண்ணாடியைப் பார்த்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு, "ஆம்" என்று தட்டினார். அடுத்த கேள்வி: "தண்ணீர் வெளியேறிவிட்டதா?" கீழே இரண்டு கட்டம். ஒன்றில் "ஆம்". இன்னொன்றில் "ஆம், முழுவதும்".

தஹானி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "'இல்லை' எங்க?"

"அடுத்த பக்கத்துல இருக்கு மேடம்."

"அப்போ அங்க போ."

"இங்க 'ஆம்' போட்டாத்தான் அடுத்த பக்கம் திறக்கும் மேடம்."

"தம்பி, இந்தக் கண்ணாடிக்குப் பின்னால உனக்கு என்ன தெரியுது?"

ஹாஸிம் குனிந்து பார்த்தார். நேர்மையான ஆள்தான். "தண்ணி தெரியுது மேடம். நெறையத் தெரியுது. நல்ல சோப்பு போட்டிருக்கீங்க."

"அதை எழுது."

"தெரியறதை எழுத இடம் கொடுக்கலையே மேடம்." பெருமூச்சு விட்டு "ஆம், முழுவதும்" என்பதைத் தட்டினார். அடுத்த பக்கம் திறந்தது. அதில் "நன்றி" என்று மட்டும் இருந்தது. ஹாஸிமுக்கே முகம் வாடிவிட்டது. "போன மாசம் வரைக்கும் ஒரு பக்கம் இருந்துச்சு மேடம்," என்றார். தேநீருக்கு நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் செய்தி வந்தது. "வாழ்த்துகள்! உங்கள் இயந்திரத்திலிருந்து தண்ணீர் முழுவதும் வெளியேறிவிட்டது. உங்கள் மகிழ்ச்சியை மதிப்பிடுங்கள்." கீழே ஐந்து முகங்கள். ஐந்தும் சிரித்துக்கொண்டிருந்தன. ஒன்றைவிட ஒன்று வாய் பெரிதாக இருந்ததுதான் வித்தியாசம்.

புதன்கிழமை இருவரும் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஸ்மூஹாவில் இருக்கும் "நர்கிஸ் வாடிக்கையாளர் மனநிறைவு மையத்து"க்குப் போனோம். தரை முழுக்க வெள்ளை மார்பிள். சுவர் முழுக்கச் சிரிக்கும் குடும்பங்களின் படம். மருந்துக்குக்கூட ஒரு வாஷிங் மெஷின் இல்லை. மனநிறைவு இயக்குநர் டாக்டர் மம்தூஹ் எங்களை எழுந்து நின்று வரவேற்றார். என்ன டாக்டர் என்று யாருக்கும் தெரியாது. கேட்கும் துணிச்சலும் யாருக்கும் வந்ததில்லை.

தஹானி நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஒரு பேச்சு நிகழ்த்தினார்.

"மேடம், நான் இந்தப் பொறுப்புக்கு வந்தப்போ தினமும் ஐந்நூறு புகார். எல்லாரும் சொன்னாங்க, மெஷினைத் திருத்துங்கன்னு. நான் யோசிச்சேன். மெஷினைத் திருத்தினா ஒரு மெஷின் திருந்தும். புகாரைத் திருத்தினா எல்லா மெஷினும் திருந்திடும். ஃபோன் லைன் நாப்பது இருந்துச்சு. ரெண்டாக்கினேன், ஒண்ணு பாராட்டுக்கு. இன்னிக்கு நாட்டுலயே புகார் குறைஞ்ச கம்பெனி நாங்கதான். போன வருஷம் எனக்கு விருது கொடுத்தாங்க. யார் கொடுத்தாங்கன்னு கேளுங்க."

"யார் கொடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"நாங்கதான்."

"டாக்டர், எங்க மெஷின் கெட்டுப்போச்சு," என்றாள் தஹானி.

"நர்கிஸ் மெஷின் கெடாது மேடம். கெட்டுப்போச்சுன்னா அது நர்கிஸ் மெஷின் இல்ல."

"வந்து பாருங்க. உள்ள தண்ணி நிக்குது. பதினாலு புள்ளைங்களோட சட்டை உள்ள ஊறுது. நாளைக்கு மத்தியானம் ஆட்டம்."

"நேத்தே வெளியேறிடுச்சே." கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "ஆம், முழுவதும். 'முழுவதும்'னு இருக்கு பாருங்க. இந்த வார்த்தை எல்லாருக்கும் கிடைக்காது. அதோட உங்க வீட்டுக்காரர் எஞ்சினியர். எஞ்சினியர் வீட்டுப் புகாரை உத்தரவாதத்துல எடுக்க முடியாது. தொழில் ரகசியம் போயிடும்."

"நான் பூகோள வாத்தியார்."

"அப்படின்னா ஒரு சாட்சி கூட்டிட்டு வாங்க. உங்களைத் தினமும் பார்க்கறவரா இருக்கணும்."

எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மதியம் அம் பகீத் துவைத்த ஜலாபியா அங்கியும் வெள்ளைத் தலைப்பாகையுமாக வந்து நின்றார். டாக்டர் மம்தூஹின் உதவியாளர் தட்டச்சில் விரலை வைத்துத் தயாராக இருந்தார்.

"இவர் எஞ்சினியரா?" என்று கேட்டார் டாக்டர் மம்தூஹ்.

அம் பகீத் நெஞ்சில் கை வைத்தார். "ஆண்டவன் சாட்சியா சொல்றேன், யா பாஷ்முஹந்திஸ். இந்த பாஷ்முஹந்திஸ் பாஷ்முஹந்திஸே இல்ல. நம்ம பாஷ்முஹந்திஸுக்கு ஒரு ஆணிகூட அடிக்கத் தெரியாது. பல்பு மாத்தணும்னா என்னைத்தான் கூப்பிடுவாரு."

"நான் டாக்டர்," என்றார் டாக்டர் மம்தூஹ்.

அம் பகீத் அவர் மூக்கிலிருந்த கண்ணாடியைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "பை இல்லையே, பாஷ்முஹந்திஸ்," என்றார் பணிவாக.

உதவியாளர் பதிவைப் படித்தார். "சாட்சி, வாடிக்கையாளரை மூன்று முறை எஞ்சினியர் என்று உறுதி செய்தார்." டாக்டர் மம்தூஹ் கைகுலுக்கினார். வாசலில் எங்களுக்கு ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம் பகீத் தலையில் அடித்துக்கொண்டார். "என் நாக்கை அறுக்கணும்." தஹானி ட்ராம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் அழுதால் எனக்குக் கவலை இல்லை, தேற்றத் தெரியும். சத்தம் போட்டாலும் பழக்கம்தான். இப்படி எதையோ கணக்குப் போட்டால்தான் எனக்குப் பயம்.

வியாழக்கிழமை காலை எழுந்ததும் நான் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு மெஷின் முன்னால் மண்டியிட்டேன். "உத்தரவாதமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். திறந்துடறேன். துணியை வெயில்ல போடுவோம்."

"கரண்டியைக் கீழ போடு," என்றாள் தஹானி.

"ஏன்?"

"இங்க திறந்தா நம்ம வீட்டுத் தரையிலதான் தண்ணி. அவன் கணினியில தண்ணியே இல்லியே, யா லுத்ஃபி. இல்லாத தண்ணியை எங்க கொட்டினா என்ன? அங்க போய்க் கொட்டுவோம்."

"பைத்தியமா உனக்கு? யார் தூக்குவா?"

அவள் ஃபோனை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் படிக்கட்டு அதிர்ந்தது. பதினான்கு பிள்ளைகள். நெஸ்ரீன் முன்னால். இரண்டாம் மாடியிலிருந்து அந்த மெஷினைத் தண்ணீரோடு இறக்கியதை எங்கள் கட்டடம் இன்னும் பேசுகிறது. அம் பகீத் கயிறு கட்டினார். நெஸ்ரீன் கீழ்ப்பக்கம் தாங்கினாள். தஹானி படிக்குப் படி "ஒண்ணு, ரெண்டு, மூச்சு விடு!" என்று பயிற்சிக் குரலில் கத்தினாள். மெஷின் உள்ளே "களக் களக்" என்று சத்தம் போட்டது. மூன்றாம் மாடி பல் டாக்டர் கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இது எங்கம்மா போகுது?" என்று கேட்டார். "மனநிறைவுக்கு!" என்று ஒருத்தி கத்தினாள். மீன்கடை பாஷா தன் சரக்கு முச்சக்கர வண்டியைக் கொடுத்தார். மெஷின் நடுவில், பிள்ளைகள் சுற்றிலும். நானும் அம் பகீத்தும் பின்னால் தொங்கிக்கொண்டோம். வண்டி முழுக்க மத்தி மீன் வாசனை.

மையத்தின் வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"மெஷினுக்கு அப்பாயிண்ட்மெண்ட் இருக்கா?"

"இது நர்கிஸ் மெஷின் இல்லீங்க," என்றாள் தஹானி. "டாக்டரே சொல்லியிருக்காரு. கெட்டுப்போனா உங்க மெஷின் இல்லியாம்."

அவர் அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் உள்ளே போய் மார்பிள் கூடத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். டாக்டர் மம்தூஹ், டேப்லெட் ஏந்திய உதவியாளரோடு இறங்கி வந்தார். அவர் முகத்தில் சுவரில் இருந்த குடும்பங்களின் சிரிப்பு இருந்தது, ஆனால் கொஞ்சம் கோணலாக.

"டாக்டர்," என்றாள் தஹானி. "எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. இதுக்குள்ள தண்ணி இருக்கா?"

"கணினிப்படி இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"மேடம், ஒரு தடவை பதிவானா பதிவானதுதான். தண்ணீர் இல்லை. ஒரு சொட்டும் இல்லை."

"சரி. அப்போ இந்த மூடியைத் திறந்தா உங்க மார்பிளுக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் முகம் மாறியது. "தொடாதீங்க! ஸ்டிக்கர் இருக்கு! எஞ்சினியர்தான் திறக்கணும்!"

தஹானி திரும்பினாள். "அம் பகீத், என்னைக் கூப்பிடு."

அம் பகீத்துக்குப் புரிந்துவிட்டது. ஆனால் மனுஷன் தயங்கினார். அவருக்கென்று ஒரு நியாயம் உண்டு. இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்ல மாட்டார். விறுவிறுவென்று என்னிடம் வந்து, என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, தஹானியின் மூக்கில் மாட்டினார். இரண்டடி தள்ளி நின்று சரிபார்த்தார். பிறகு கூடம் அதிர, பெண்பாலில் கூப்பிட்டார்:

"யா பாஷ்முஹந்திஸா!"

"உங்க கணினிக்கு இவர் வார்த்தை போதும்னு நேத்து பார்த்தோமே," என்று சொல்லிக்கொண்டே தஹானி மண்டியிட்டு மூடியைத் திருகினாள்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உள்ளே கிடந்த தண்ணீர். அதற்கு ஒரு நாற்றம் இருந்தது. சாம்பல் நிறத்தில் நுரையோடு பாய்ந்து வந்து, மார்பிளில் பரவி, டாக்டர் மம்தூஹின் பளபளக்கும் காலணியைச் சுற்றி வளைத்து, பாராட்டுப் பிரிவு என்று எழுதிய மேஜையின் கீழே போனது. நைல் டெல்டா கிளை பிரிவதை நான் கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். கண்ணாடி இல்லாமலும் எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. டாக்டர் மம்தூஹ் கால்சட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. தஹானி வடிகட்டியை இழுத்தாள். அது முழுக்கத் தர்பூசணி விதைத் தோல். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஆட்டம் முடியும் வரை வறுத்த விதையைக் கொறித்துக் கொறித்து, தரையில் துப்பினால் கேப்டன் திட்டுவாள் என்று கால்சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்ட தோல். பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

டாக்டர் மம்தூஹுக்கு உயிர் வந்தது. "விதைத் தோல்! பாத்தீங்களா? தவறான பயன்பாடு! கம்பெனி பொறுப்பில்லை! எழுது!" என்று உதவியாளரைப் பார்த்துக் கத்தினார்.

தஹானி எழுந்து நின்றாள். "ஆமா டாக்டர். எங்க புள்ளைங்க தப்புதான், நான் பாக்கெட்டைப் பார்க்காமப் போட்டது என் தப்பு. ஒத்துக்கறேன். எழுதிக்குங்க. விதைத் தோல் அடைச்சு, அதனால தண்ணி நின்னுபோச்சு."

உதவியாளர் தட்டினார். திரையைப் பார்த்தார். மறுபடி தட்டினார். "எடுக்க மாட்டேங்குது டாக்டர். 'தண்ணீர் இல்லாத இயந்திரத்தில் அடைப்பு இருக்க இயலாது'ங்குது. முதல்ல தண்ணி இருந்துச்சுன்னு மாத்தணும்."

"மாத்து!"

"மாத்தினா அது புகாராயிடும் டாக்டர். இந்த வருஷத்து முதல் புகார்."

டாக்டர் மம்தூஹ் தண்ணீருக்கு நடுவில், கால்சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி, சுவரில் மாட்டியிருந்த தன் விருதைப் பார்த்தார். பிறகு உறுதியான குரலில் சொன்னார்:

"தண்ணீர் இல்லை."

"கேட்டுக்கிட்டீங்களா புள்ளைங்களா?" என்றாள் தஹானி. "தண்ணி இல்லியாம். வழுக்காது. வாங்க."

கதவு "டிக்" என்று விட்டுக்கொடுத்தது. பிள்ளைகள் பாய்ந்தார்கள். ஒரு சட்டைக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு முனை, எதிரும் புதிருமாக முறுக்கினார்கள். சுழற்சிப் பிரிவு நாலு நாளாகச் செய்யாத வேலை அங்கே ஐந்து நிமிடத்தில் நடந்தது. பிழிந்த தண்ணீரெல்லாம் மார்பிளில் விழுந்தது. சொட்டச் சொட்ட அந்த ஆரஞ்சு உடுப்புகளை உடுத்தியிருந்ததற்கு மேலேயே போட்டுக்கொண்டார்கள். நெஸ்ரீன் தன் பன்னிரண்டை நெஞ்சில் இரண்டு கையாலும் நீவிவிட்டுக்கொண்டாள்.

வாசலுக்கு வந்த பிறகு தஹானி திரும்பிச் சொன்னாள். "டாக்டர், மெஷினைச் சாயங்காலம் வந்து எடுத்துக்கறோம். அதுவரைக்கும் யாரும் கை வெச்சுடாதீங்க. வெளி ஆள் தலையீடு ஆயிடும்."

மீன் வண்டியில் பதினான்கு ஆரஞ்சுச் சட்டைகளும் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போயின. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எதிரணி ஏற்கெனவே களத்தில் நின்றது. சலவை மடிப்பு கலையாத நீல உடுப்பு, முடியில் நீல ரிப்பன். எங்கள் பிள்ளைகள் சோப்பும் மத்தி மீனும் மணக்க வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தி காலடியிலும் சிமெண்ட் தரையில் ஒரு சின்ன ஈர வட்டம்.

நடுவர் வரிசையாக எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். நெஸ்ரீனிடம் வந்ததும் நின்று, அவள் கைப்பகுதித் துணியை இரண்டு விரலால் தொட்டார். விரலைத் துடைத்துக்கொண்டார். யோசனையோடு தஹானியிடம் வந்தார்.

"கேப்டன், எல்லாம் ஈரமா இருக்கே. இப்படி விளையாடலாமான்னு விதியில ஒண்ணும் இல்ல. மேலிடத்துல கேட்டுட்டு வரட்டுமா?"

தஹானி இன்னும் என் கண்ணாடியைப் போட்டிருந்தாள். அதற்கு மேலாக அவரைப் பார்த்தாள்.

"எண் தெரியுதா?"

"தெரியுது."

"ஓடினா காஞ்சுடும். நீங்க விசிலை ஊதுங்க."

ஊதினார்.